‘பொக்கு’ என்னும் தன்மைப்பெயர்: ஒரு ஜப்பானிய வீடியோ விளையாட்டில் நினைவும் காலமும்

முன்னுரை

இலக்கியத் திறனாய்வு தன் எல்லைக்குள் திரைப்படத்தை ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. வீடியோ விளையாட்டு இன்னும் வாயிலிலேயே நிற்கிறது. வெல்வதும் தோற்பதுமே விளையாட்டின் இயல்பு என்றும், அதில் ஆராய்வதற்குரிய பொருண்மை இல்லை என்றும் பொதுவாகக் கருதப்படுவதே இதற்குக் காரணம். வெற்றியும் தோல்வியும் மையமாக அமையாத ஒரு விளையாட்டைக் கொண்டு இக்கருத்தை மறு ஆய்வு செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜப்பானில் 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிளேஸ்டேஷன் கருவிக்காக வெளிவந்த ‘பொக்கு நோ நட்சுயசுமி’ இங்கு ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுகிறது. அயாபே கசு இதனை இயக்கினார். மில்லேனியம் கிச்சன் என்னும் அமைப்பு உருவாக்க, சோனி நிறுவனம் வெளியிட்டது. இதன் தொடர்ச்சியாக 2002, 2007, 2009 ஆகிய ஆண்டுகளில் மூன்று விளையாட்டுகள் வந்தன. முதல் விளையாட்டின் கதை மிக எளியது. 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். நகரத்தில் வாழும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனின் தாய் நிறைமாதக் கர்ப்பிணியாக இருக்கிறாள். எனவே அவன் நாட்டுப்புறத்திலுள்ள உறவினர் வீட்டிற்கு அனுப்பப்படுகிறான். அங்கே முப்பத்தொரு நாள் தங்குகிறான், பிறகு திரும்புகிறான். கதை இவ்வளவே. இந்த எளிமைக்குள் மொழியும் காலமும் செய்யும் வேலை யாது என்பதே எழுப்பத்தக்க வினா.

பெயரும் தன்மையும்

தலைப்பிலேயே ஆய்வுக்குரிய செய்தி ஒன்று உண்டு. ‘நட்சு’ என்பது கோடை. ‘யசுமி’ என்பது ஓய்வு. ‘நோ’ என்பது உடைமைப் பொருள் தரும் உருபு. ‘பொக்கு’ என்பது ‘நான்’ எனப் பொருள்படும் தன்மைப்பெயர். ஜப்பானிய மொழியில் தன்மை ஒருமைக்குப் பல சொற்கள் உள்ளன. பேசுவோரின் பால், வயது, கேட்போரோடு அவர் கொண்டுள்ள உறவு ஆகியவற்றிற்கேற்ப ‘வதஷி’, ‘பொக்கு’, ‘ஒரே’ முதலியன வேறுபட்டு வரும். இவற்றுள் ‘பொக்கு’ பெரும்பாலும் சிறுவர்களும் ஆடவர்களும் பயன்படுத்துவது. ‘ஒரே’யின் முரட்டுத்தன்மை இல்லாதது.

இச்சொல்லுக்கு மற்றொரு வழக்கும் உண்டு. பெயர் அறியாத சிறுவனைப் பெரியவர்கள் ‘பொக்கு’ என்றே விளிப்பர். அச்சிறுவன் தன்னை எவ்வாறு சுட்டிக்கொள்வானோ அவ்வாறே பெரியவரும் அவனைச் சுட்டுகிறார். அதாவது, தன் நிலையை விட்டுக் குழந்தையின் நிலைக்கு இறங்கி நின்று பேசுகிறார். தன்மைப்பெயர் இங்கு முன்னிலைப்பெயராகிவிடுகிறது.

விளையாட்டின் தலைமைப் பாத்திரத்திற்குப் ‘பொக்கு’ என்பதே பெயர். இதனால் ஒரே சொல்லில் மூவர் அடங்குகின்றனர். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். வளர்ந்தபின் அக்கோடையை நினைவுகூர்ந்து பின்னணியில் பேசும் ஆடவன் ஒருவன். கருவியைக் கையில் பிடித்துச் சிறுவனை நடத்திச் செல்பவர் ஒருவர். திரையிலுள்ளோர் ‘பொக்கு’ என்று அழைக்கும்போது அழைக்கப்படுபவர் இம்மூவருள் யார் என்பதைப் பிரித்தறிய இயலாது. பிறருடைய நினைவு தன்னுடையதாகத் தோன்றும் மயக்கத்திற்கு இலக்கண அடிப்படை இதுவே எனலாம்.

மொழிபெயர்ப்பில் இந்நுட்பம் நிலைப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதுவோர் ‘பொக்கு’ என்பதை இயற்பெயராகவே வைத்துக்கொள்கின்றனர். அப்போது தன்மைப் பொருள் மறைந்து, அது யாரோ ஒருவனுடைய கோடை ஆகிவிடுகிறது. தமிழில் ‘என் கோடை விடுமுறை’ என்றால் தன்மைப் பொருள் தங்கும். ஆனால் தமிழின் ‘நான்’ ஆண்பாலையோ இளமையையோ உணர்த்தாது. குழந்தையைப் பார்த்து ‘நான்’ என்று விளிக்கும் வழக்கும் தமிழில் இல்லை. உறவுப்பெயர்களிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. சிறுவன் தங்கும் வீட்டின் தலைவரை அவன் அழைக்கும் ஜப்பானியச் சொல், தந்தைவழி, தாய்வழி ஆகிய இரு வழி உறவினருக்கும் பொது. எழுத்தில் மட்டும் அவர் பெற்றோருக்கு மூத்தவரா இளையவரா என்னும் வேறுபாடு காட்டப்படும். தமிழோ பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்று தெரிந்தாலன்றி அழைக்க விடாது. மூலம் சொல்லாது விட்டதை மொழிபெயர்ப்பு சொல்லியே ஆகவேண்டிய நிலை இது.

பொழுதும் கணக்கும்

தமிழ்ப் பொருளிலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொள்ளும். பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுக்கும். வேற்றுமொழிப் படைப்பின்மேல் திணைக் கோட்பாட்டை முழுமையாக ஏற்றுவது பொருந்தாது எனினும், இவ்விரு சொற்களும் இவ்விளையாட்டின் அமைப்பை விளக்கப் பயன்படுகின்றன. இதன் பெரும்பொழுது கோடையின் ஒரு மாதம் மட்டுமே. சிறுபொழுதோ நாள்தோறும் திரும்பத் திரும்ப வருகிறது. காலையில் வானொலியின் இசைக்கேற்ப உடற்பயிற்சி; பின்னர் வீட்டாருடன் உணவு; பகல் முழுவதும் திரிதல்; மாலையில் வீடு திரும்புதல்; இரவில் படத்துடன் கூடிய நாட்குறிப்பு எழுதுதல். இவை கற்பனைச் சடங்குகள் அல்ல. வானொலி உடற்பயிற்சி ஜப்பானில் 1928ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. கோடை விடுமுறைக் காலையில் சிறுவர்கள் கூடி அதனைச் செய்வது நெடுநாள் வழக்கம். பட நாட்குறிப்பு தொடக்கப்பள்ளி மாணவர்க்கு விடுமுறையில் தரப்படும் வீட்டுப்பாடம்.

பகலில் செய்யத்தக்கவை பல. வலைகொண்டு பூச்சி பிடிக்கலாம், மீன் பிடிக்கலாம், பட்டம் விடலாம், பிடித்த கொம்பு வண்டுகளை ஊர்ச் சிறுவர்களின் வண்டுகளோடு மோதவிடலாம், அல்லது எதுவும் செய்யாமல் நிற்கலாம். எதையும் செய்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

இங்குக் காலம் இயங்கும் முறை கருதத்தக்கது. ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குச் சிறுவன் செல்லும்போதே பொழுது நகர்கிறது. ஓரிடத்தில் நின்று சிள்வண்டின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு நேரம் குறைவதில்லை. எல்லா இடத்தையும் ஓடிப் பார்த்துவிட முயல்பவனுக்கு நாள் விரைவில் தீர்ந்துவிடுகிறது. நின்று பார்ப்பவனுக்கே நாள் நீள்கிறது என்னும் கருத்தை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விதியே அதனைச் சொல்கிறது. புனைகதை வருணனையால் செய்வதை விளையாட்டு விதியால் செய்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

ஆனால் இத்தாராளம் ஒரு நாளுக்குள் மட்டுமே செல்லும். நாட்களின் எண்ணிக்கையைக் கூட்ட வழியில்லை. முப்பத்தொன்றாம் நாள் வந்தே தீரும். ஓர் ஓடையில் மீன் பிடித்த பகல், மலைப்பாதையில் ஏறாத பகலும் ஆகும். தோல்வி இல்லாத இவ்விளையாட்டில் இழப்பு உண்டு என்பதே இதன் சிறப்பு. இரவில் எழுதப்படும் நாட்குறிப்பு அன்று நிகழ்ந்ததை மட்டும் ஏற்கிறது. நிகழாமற் போனதற்கு அதில் பக்கம் இல்லை.

இதன் உண்மையை எதிர்பாராத வகையில் உறுதிப்படுத்தியது இரண்டாம் விளையாட்டிலுள்ள ஒரு நிரற்பிழை. குறிப்பிட்ட சில செயல்களைச் செய்தால் நாட்காட்டி ஆகஸ்ட் 31ஐத் தாண்டிச் சென்றுவிடும். ஜப்பானில் ‘ஆகஸ்ட் 32’ எனப் பெயர்பெற்ற இப்பிழையில் மனிதர்கள் மறைகின்றனர், உருவங்கள் சிதைகின்றன, நாட்குறிப்பின் எழுத்துகள் பொருளற்றுப் போகின்றன. இதனை ஆக்கியோர் கருதிச் செய்யவில்லை. எனினும், விடுமுறை முடியக்கூடாது என்னும் குழந்தையின் வேண்டுகோள் நிறைவேறினால் என்ன ஆகும் என்பதை அப்பிழை காட்டிவிட்டது. எல்லை நீங்கிய இடத்தில் ஊரும் நீங்குகிறது.

நிலமும் உருவமும்

காட்சிகள் கையால் தீட்டிய ஓவியங்கள் போன்று நுணுக்கமாக அமைந்துள்ளன. பார்வைக் கோணம் அசையாது. பரந்த நிலத்தில் சிறுவன் சிறு புள்ளியாக நடந்து செல்கிறான். இதற்கு மாறாக, ஓவியர் உவேதா மினேகோ வடிவமைத்த மனித உருவங்கள் சில கோடுகளால் ஆனவை. நினைவில் இடம் தெளிவாகவும் முகம் மங்கலாகவும் தங்குவதுண்டு. நிலத்திற்கு விவரமும் மனிதர்க்குக் குறிப்பும் தந்த இம்முறை அவ்வியல்பைப் பின்பற்றுவதாகக் கொள்ளலாம்.

ஒலியும் காலம் காட்டுகிறது. ஜப்பானியச் சிள்வண்டுகளுள் ‘ஹிகுரஷி’ விடியலிலும் அந்தியிலும் ஒலிப்பது. ‘ட்சுகுட்சுகுபோஷி’ கோடையின் பிற்பகுதிக்கு உரியது. இவ்வேறுபாடு ஜப்பானியச் செவிக்குக் கடிகாரம் போன்றது. அந்நிலத்தை அறியாதவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். கருப்பொருள் வெறும் அலங்காரமன்று, பொருள் உணர்த்தும் கருவி என்பதும், அக்கருவி தன் நிலத்தாரிடமே முழுமையாகப் பேசும் என்பதும் இதனால் விளங்கும்.

ஏக்கமும் அணுக்கமும்

இப்படைப்பைப் பற்றிப் பேசுவோர் தவறாது கூறும் சொல் ‘நட்சுகஷி’. இதனை ஆங்கிலத்தின் ‘நாஸ்டால்ஜியா’வோடு ஒப்பாகக் கொள்வது வழக்கம். இரண்டின் பிறப்பும் வேறு. ‘நாஸ்டால்ஜியா’ 1688ஆம் ஆண்டு யோஹானஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிய நோய்ப்பெயர்; வீடு திரும்புதலும் வலியும் அதன் கூறுகள். ‘நட்சுகஷி’யோ, பழகி நெருங்குதல் எனப் பொருள்படும் ‘நட்சுகு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. பழைய வழக்கில் அது அருகில் இருக்க விரும்பும் உணர்வையே குறித்தது; கடந்தகாலப் பொருள் பின்னர் ஏறியது. முன்னது தொலைவின் வலி; பின்னது நெருக்கத்தின் இனிமை. விளையாட்டு வேண்டுவது பின்னதையே. பறிபோனதை எண்ணி அழவேண்டும் என்று அது கேட்கவில்லை. வண்டு இருக்கும் மரத்தடிக்கு அருகில் செல்லுமாறே கேட்கிறது.

எனினும் ஒரு தடை எழுகிறது. யாருடைய கிராமம் இது? ஜப்பானின் விரைவான பொருளாதார வளர்ச்சி 1950களின் நடுவில் தொடங்கி 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியோடு தளர்ந்தது. அவ்வளர்ச்சி நாட்டுப்புற இளைஞரை நகரங்களுக்கு ஈர்த்தது. மக்கள் குறைந்துபோன ஊர்களுக்கெனத் தனிச்சட்டமே 1970இல் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் தேசிய இரயில்வே, நகரத்தாரை நாட்டுப்புறத்திற்கு அழைக்கும் ‘டிஸ்கவர் ஜப்பான்’ என்னும் விளம்பர இயக்கத்தைத் தொடங்கியது. ஊர் வெறுமையாகிய காலமும், அது காட்சிப் பொருளாகிய காலமும் ஒன்றே. ஆகவே 1975ஆம் ஆண்டின் ஊர் அப்போதே இழப்பிற்கு உள்ளாகியிருந்த ஊர். விளையாட்டின் சிறுவனோ விருந்தினன். அவனுக்கு வயல் வேலை இல்லை, கடன் இல்லை, குளிர்காலம் இல்லை. அவ்வூரில் பிறந்த குழந்தையின் ஆகஸ்ட் இதுவாக இருந்திருக்க இயலாது. ‘பொக்கு’ என்னும் சொல் ஆண்பால் வழக்காதலின், ஆடும் பெண்ணும் தன் குழந்தைப்பருவத்தை ஆண்பிள்ளையின் பெயரில்தான் பெறவேண்டியுள்ளது.

இத்தடை வலியது, மறுக்கத்தக்கதன்று. ஆயினும் படைப்பு தன் எல்லையை மறைக்கவில்லை என்பதும் சொல்லப்படவேண்டும். சிறுவன் வந்தவன் என்பதும், திரும்புபவன் என்பதும் முதலிலேயே தெரிவிக்கப்படுகின்றன. பின்னணியில் ஒலிக்கும் பெரியவனின் குரல், இவையெல்லாம் முடிந்துபோனவை என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. ஊர் இவ்வாறே இருந்தது என்று இவ்விளையாட்டு சாதிக்கவில்லை. நகரத்துக் குழந்தை ஒன்றுக்கு முப்பத்தொரு நாள் இவ்வாறு தோன்றியது என்றே கூறுகிறது. ஊரைப் பற்றிய சான்றாக இதனைக் கொண்டால் இது பிழையுடையது. நினைவு இயங்கும் முறையைப் பற்றிய சான்றாகக் கொண்டால் நேர்மையுடையது.

முடிவுரை

இவ்வரிசை விளையாட்டுகள் ஜப்பானுக்கு வெளியே முறையான மொழிபெயர்ப்பில் வெளியிடப்படவில்லை. அயாபே பின்னர் இயக்கிய, ஷின்-சான் என்னும் சிறுவனைத் தலைவனாகக் கொண்ட கோடை விளையாட்டு, 2021இல் ஜப்பானிலும் 2022இல் பிற நாடுகளிலும் வெளிவந்தது. அதில் ‘பொக்கு’ இல்லை. முன்பே அறிமுகமான, பெயருடைய பாத்திரம் உண்டு. எல்லை கடந்து சென்றது பெயர். ஊரிலேயே தங்கிவிட்டது தன்மைப்பெயர். இவ்வாறு நேர்ந்ததற்கு வணிகக் காரணங்கள் இருக்கலாம். மொழிநிலையில் நோக்குவார்க்கு இது பொருத்தமாகவே தோன்றும்.

பிறர் நினைவைத் தன் நினைவாக ஏற்கச் செய்தல் எல்லாப் புனைவுக்கும் பொது. இங்கு அது ஒரு தன்மைப்பெயராலும், நிற்பவனுக்கு நின்று நடப்பவனோடு நடக்கும் பொழுதாலும், நீட்ட இயலாத நாட்காட்டியாலும் நிகழ்கிறது. இம்மூன்றும் மொழி, விதி, எண் ஆகியவற்றின் வேலை. வீடியோ விளையாட்டில் ஆராய்வதற்குப் பொருண்மை இல்லை என்னும் கருத்து, இவ்வொரு படைப்பின் அளவிலேனும் நிற்கவில்லை.