'இங்கதான்' என்றால் எங்கே?

சுட்டுச் சொற்களைப் பற்றி இப்போது யார் எழுதினாலும் தத்துவவாதி டேவிட் கேப்லனில் தொடங்கி அவரிடமே முடித்துவிடுகிறார்கள். 'நான்', 'இங்கே', 'இப்போது' எல்லாவற்றுக்கும் நிலையான விதி உண்டு. பேசுபவர், இடம், நேரம் ஆகியவற்றை அதில் போட்டால் பொருள் வந்துவிடும். மனத்துக்கு அதில் வேலையில்லை. 1977-இல் பரவி 1989-இல் அச்சேறிய வாதம் இது. பின்னுரையில் பேசுபவரின் நோக்கத்துக்கு அவர் கொஞ்சம் இடம் கொடுத்தார். நம்மவர்கள் பின்னுரைவரை போவதில்லை.

நெய்வேலி நகரியத்துக்குள் இந்த விதி நன்றாகவே ஓடும். வட்டங்களுக்கு எண் இருக்கிறது. போனில் "இங்க வா" என்றால், எந்த வட்டத்திலிருந்து பேசுகிறார் என்று தெரிந்தால் போதும்.

1957-இல் வெட்டத் தொடங்கிய சுரங்கத்தின் விளிம்புக்குப் போனால்தான் சிக்கல். நிலம் கொடுத்த குடும்பத்துப் பெரியவர் பள்ளத்தைக் காட்டி, "இதுதான் எங்க தெரு, இங்க எங்க மாமன் வீடு" என்பார். விரல் நீளும் இடத்தில் காற்றுதான் இருக்கிறது. பழுப்பு நிலக்கரிக்காக 50 மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளியாகிவிட்டது. தெருவின் மண் வேறெங்கோ மண்மேடாகக் கிடக்கிறது. கூட நிற்கும் பங்காளிக்குச் சட்டென்று விளங்கும். நேற்று மாற்றலாகி வந்த பொறியாளர் விழிப்பார். இருவரும் கேட்டது ஒரே ஆள் ஒரே இடத்தில் ஒரே நொடியில் சொன்னதை. பங்காளியின் தலைக்குள் ஊர் இருக்கிறது, பொறியாளரின் தலைக்குள் இல்லை.

புரிதல் வேறு, பொருள் வேறு என்பார்கள் கேப்லனின் விதியை நம்புகிறவர்கள். சரி, அந்த 'இங்க'வின் பொருள்தான் எது? அந்தரமா, மண்மேடா? 'இருந்தது' என்பதை விழுங்கிப் பேசுகிறார் என்றும் சமாளிக்கலாம். ஆனால் மாற்றுக் குடியிருப்பில் பிறந்த மகள், கண்ணால் பார்த்திராத ஊரைப் பற்றி, "அங்க, நம்ம வேப்பமரத்தடியில" என்று சொல்லும்போது எந்த ஆண்டைக் கொண்டுவந்து போடுவார்கள்? அவளிடம் இருப்பது அம்மா சொல்லிச் சொல்லிப் பதிந்த படம் ஒன்றுதான். அதையும் பொருளுக்குப் புறம்பென்று தள்ளுகிறவர்கள் தங்கள் விதியைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவே.

கண்ணெதிரே இல்லாததை மனத்தில் நிறுத்திச் சுட்டுவதை 1934-இலேயே உளவியலாளர் கார்ல் பியூலர் தனிவகையாகப் பிரித்திருந்தார். தொல்காப்பியமும் 'வருதல்' என்ற சொல்லைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியதாக வைக்கிறது. "நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்" என்பவர் நிற்பது தன் வீட்டு வாசலில். சொல்லோ கேட்பவர் வாசலிலிருந்து பார்க்கிறது. அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது மனம் இல்லையென்றால் வேறென்ன?