ஜோ கீனனின் நகைச்சுவையில் எள்ளலும் பேதைமையும்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கெனக் கூறும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், எள்ளலையும் பேதைமையையும் தனித்தனியே வைத்து எண்ணுகிறது. பிறரை இகழ்ந்து நகுவது ஒன்று. அறியாமையின் விளைவைக் கண்டு நகுவது மற்றொன்று. அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் தன்பாலீர்ப்பினர் சித்திரிக்கப்பட்ட முறையை மதிப்பிட இப்பாகுபாடு பெரிதும் துணைசெய்கிறது.

1977-இல் தொடங்கிய ‘திரீஸ் கம்பெனி’ தொடரில், இரு பெண்களோடு ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டித் தன்னைத் தன்பாலீர்ப்பினனாகக் காட்டிக்கொள்கிறான் ஓர் இளைஞன். வீட்டுக்காரர் அவனைக் கேலி செய்யுந்தோறும் சிரிப்பொலி எழுகிறது. அவன் உண்மையில் தன்பாலீர்ப்பினன் அல்லன். ஆயினும் எள்ளல் முழுவதும் தன்பாலீர்ப்பினர் மீதே விழுகிறது.

‘பிரேசியர்’ (1993–2004) தொடரின் எழுத்தாளருள் ஒருவரும், தாம் தன்பாலீர்ப்பினர் என்பதை மறைக்காதவருமான ஜோ கீனன் நகையின் இலக்கை மாற்றினார். 1994-இல் ஒளிபரப்பான அவருடைய ‘தி மேட்ச்மேக்கர்’ பகுதியில், வானொலியில் அறிவுரை கூறும் மனநல மருத்துவர் பிரேசியர், தம் இல்லத்தில் தங்கித் தந்தையைப் பேணும் டாஃப்னிக்கு ஏற்ற துணை எனக் கருதி, வானொலி நிலையத்தின் புதிய மேலாளரை விருந்துக்கு அழைக்கிறார். மேலாளரோ தன்பாலீர்ப்பினர், பிரேசியரே தம்மை விரும்பி அழைத்ததாகக் கொள்கிறார். இருவரும் பேசும் இயல்பான தொடர்கள் இருவேறு பொருள் தருகின்றன. இது சொல்லின்கண் அமைந்த சிலேடை அன்று. கேட்போரின் முற்கோளால் விளையும் இருபொருள். மனங்களைப் பகுத்தறிவதையே தொழிலாகக் கொண்டவர் எதிரிலிருப்பவரின் மனத்தை அறியாதிருக்கும் பேதைமையே இங்கு நகைக்கு இடமாகிறது.

1998-இல் வந்த ‘தி ஸ்கீ லாட்ஜ்’ இதனினும் ஒருபடி மேற்செல்கிறது. பிரேசியர் ஆனியை விரும்ப, ஆனி நைல்சை விரும்புகிறாள். நைல்சு டாஃப்னியை விரும்ப, டாஃப்னி பனிச்சறுக்குப் பயிற்றுநரை விரும்புகிறாள். பயிற்றுநரோ நைல்சை விரும்புகிறார். இச்சங்கிலியில் பயிற்றுநரின் விருப்பம் ஏனையோர் விருப்பத்தினும் இழிந்ததன்று, விந்தையானதுமன்று. அனைவரும் ஒருங்கே ஏமாறுகின்றனர். ஏமாற்றத்தில் சமன்மை நிலவுகிறது.

எனினும் இச்சாதனைக்கு ஓர் எல்லை உண்டு. மேலாளரும் பயிற்றுநரும் வந்து செல்லும் விருந்தினரே. குடும்பத்தின் நடுவில் அவர்க்கு இடமில்லை. குழப்பம் தெளிந்ததும் தொடர் தன் பழைய ஒழுங்குக்கு மீள்கிறது. கீனனின் ‘புளூ ஹெவன்’ (1988) புதினத்தை இதனோடு ஒப்பிடுதல் தகும். அங்குக் கதைசொல்லியே தன்பாலீர்ப்பினன். அவனுடைய நண்பனும் அத்தகையவனே. திருமணப் பரிசுகளுக்காக அந்நண்பன் ஒரு பெண்ணை மணக்கத் திட்டமிடுகிறான். ஆள்மாறாட்ட உத்தி இரண்டிற்கும் பொது. ஆனால் புதினத்தில் உலகைப் பார்ப்பவன் தன்பாலீர்ப்பினன். தொடரில் அவன் பார்க்கப்படுபவன். எழுத்தாளர் ஒருவரே ஆதலின், இவ்வேறுபாட்டை அவருடைய ஆற்றலில் அன்றி, ஊடகத்தின் அமைப்பிலேயே தேடுதல் வேண்டும். ‘பிரேசியர்’ தொடரின் நடுநாயகர்கள் கீனன் வருமுன்னரே வரையறுக்கப்பட்டிருந்தனர்.

தன்பாலீர்ப்பினரான மேக்ஸ் மட்ச்னிக், டேவிட் கோகனுடன் இணைந்து உருவாக்கிய ‘வில் அண்ட் கிரேஸ்’ 1998 செப்டம்பரில் தொடங்கியபோது, தன்பாலீர்ப்பினரான வழக்கறிஞர் ஒருவர் தலைமை மாந்தரானார். கீனனின் பகுதிகள் பெறாத இடம் அது. ஆயினும், தன்பாலீர்ப்பினரை இகழாமலே அவர்களை முன்னிட்டுப் பொதுமக்களைச் சிரிக்கவைக்க இயலும் என்பதை, அத்தொடர் தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே ‘தி மேட்ச்மேக்கர்’ மெய்ப்பித்திருந்தது.