அலையும் துடுப்பும்

கிராண்ட்பாஸ் தேநீர்க் கடையொன்றின் சுவரில், பழைய நாட்காட்டியிலிருந்து வெட்டிய படமொன்று தொங்குகின்றது. யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831ஆம் ஆண்டளவில் ஆக்கிய ‘பேரலை’ அது. அதே படத்தை வகுப்பிற் காட்டி, என்ன தெரிகிறது என்று மாணவரைக் கேட்டோம். அலை என்றனர், மலை என்றனர். அலைக்குக் கீழே மூன்று படகுகளிற் குனிந்து கிடக்கும் மனிதரை ஒருவரும் சொல்லவில்லை.

குற்றம் மாணவருடையதன்று. கீழைத்தேயக் கலையென்றால் அமைதி, தியானம், இயற்கை என்று சொல்லி முடித்துவிடும் இரசனையையே நாம் அவர்களுக்குக் கற்பித்திருக்கின்றோம்.

கொழும்பிலே 1877இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இந்த இரசனையை எதிர்த்தவர். 1917 முதல் 1947இல் மறையும்வரை பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்திற் பணியாற்றிய அவர், ஒரு கலைப்பொருள் எதற்காக, யாருக்காக ஆக்கப்பட்டது என்பதை அறியாமல் அதனை விளங்கிக்கொள்ள முடியாது என வலியுறுத்தினார். கண்டியக் கைவினைஞரைப் பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூல், சமதர்மவாதி வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அச்சாயிற்று. ஆயினும் கைவினைஞரைப் போற்றிய அதே பேனா, அவரைப் பிறப்பினால் தொழிலோடு பிணைத்த சாதியமைப்பையும் நியாயப்படுத்தியது. அங்கே நாம் அவரைவிட்டு விலகுகின்றோம். அவரது கேள்வியை மட்டும் கைவிடோம்.

‘பேரலை’ யாருக்காக ஆக்கப்பட்டது? அரண்மனைக்கன்று, சாதாரண நகரமக்கள் மலிவாக வாங்குவதற்கு. யார் ஆக்கினர்? ஓவியர் தாளில் வரைந்தார், செதுக்குவோர் அதனைச் செரி மரப்பலகையில் வெட்டினர், அச்சிடுவோர் பலகை பலகையாக நிறமேற்றினர், பதிப்பாளர் முதலிட்டார். படத்தில் ஒப்பமோ ஹொக்குசாயினது மட்டுமே. ‘வீரகேசரி’ அச்சான கிராண்ட்பாஸ் வீதியில் வாழும் நமக்கு இது புதிதன்று. எழுத்துக்கோத்த கைகளின் பெயர் எந்தப் பக்கத்திலும் அச்சானதில்லை.

படகிலிருப்போர் யார்? எடோ நகரச் சந்தைக்குப் புதுமீன் கொண்டுசெல்லும் விரைவுப் படகுகளின் துடுப்புக்காரர். கடல் எப்படியிருப்பினும் சந்தை காத்திராது. இதனை அறிந்தபின் அலையின் அழகு குறைவதில்லை. அதன் பாரம் விளங்குகின்றது. தூரத்து பூஜி மலை சிறுத்து நிற்பதும், மனிதர் அலையின் வாய்க்குள் நிற்பதும் வெறும் கோட்டழகாகத் தோன்றுவதில்லை.

இவற்றை விளக்கி முடித்தபோது, துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்தான். “சேர், அந்த ஆட்கள் கரைக்குத் திரும்பி வந்தார்களா?” என்று கேட்டான்.

நம்மிடம் விடையில்லை. ஆனால் அன்றுதான் அவ்வகுப்பு அப்படத்தைப் பார்க்கத் தொடங்கியது.