ரூட் சுவிட்சைத் தேரும் பொறுப்பு

ஈதர்நெட் பிரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. ஆகவே, ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை தடைப்படலாகாது என்ற நல்லெண்ணத்தோடு இரண்டு சுவிட்சுகளுக்கிடையே இரண்டாவது கேபிளையும் சொருகிவிட்டால், ஒரேயொரு பிராட்காஸ்ட் அவ்வளையத்தில் ஓயாது சுற்றிப் பல்கி, நெட்வொர்க் முழுவதையும் க்ஷணத்தில் ஸ்தம்பிக்கச் செய்துவிடும். இச்சங்கடத்துக்கு 1985இல் ரேடியா பெர்ல்மன் கண்ட பரிகாரமே ஸ்பானிங் ட்ரீ: ஒரு சுவிட்சை ரூட்டாகத் தேர்ந்து, அதை நோக்கிய சிறந்த பாதைகளை மட்டும் விட்டு, வளையமாக்கும் மிகைப் பாதைகளை அது அடைத்துவிடும். அதன் துரித வடிவமாக 2001இல் 802.1டபிள்யூ என்ற தரமாக வெளிவந்ததே ஆர்.எஸ்.டி.பி.

இதன் பிரதான சிறப்பு வேகம். பாதை முறிந்தால் 30 முதல் 50 விநாடி வரை டைமர்களை எண்ணிக் காத்திருந்த பழைய முறைக்கு மாறாக, அண்டை சுவிட்சுகள் தமக்குள் கேட்டும் இசைந்தும் போர்ட்டைத் திறப்பதும், ரூட் போர்ட் விழுந்த மாத்திரத்தில் மாற்றுப் போர்ட் அதன் ஸ்தானத்தை ஏற்பதும் சந்தேகமின்றிப் பெரிய முன்னேற்றங்களே.

ஆயினும் இவ்வேகம் நிபந்தனைக்குட்பட்டது. இணைப்பு புல் டூப்ளெக்ஸாக இருத்தல் வேண்டும். கணினி சொருகிய போர்ட்டை எட்ஜ் போர்ட் என்று அறிவிக்காவிடில், பல சுவிட்சுகளில் அது சுமார் 30 விநாடி காத்தே திறக்கும். அதனினும் பெரிய குறை, ரூட்டைத் தேரும் விதத்தில் உள்ளது. பிரயாரிட்டி எண் குறைந்த சுவிட்சே ரூட்டாகும்; எல்லாச் சுவிட்சுகளும் 32768 என்ற ஒரே பிரயாரிட்டியோடு விடப்பட்டால், மேக் முகவரி எதற்குக் குறைவோ அதுவே ரூட்டாகும். பல சமயங்களில் அது மாடிப்படிக்கடியில் கிடக்கும் பழைய சுவிட்சாகவே அமைந்து, வேகமான அப்லிங்க் அடைபட்டுக் கிடக்க, போக்குவரத்தெல்லாம் மெலிந்த கேபிளின் வழியே நெரிபடும்.

2002 நவம்பரில் பாஸ்டனிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், பழைய ஸ்பானிங் ட்ரீ தாங்கும் எல்லையைக் கடந்து வளர்ந்துவிட்ட நெட்வொர்க் நாட்கணக்கில் முடங்கியதால், மருத்துவர்கள் காகிதச் சீட்டுகளுக்குத் திரும்ப நேர்ந்தது. நெட்வொர்க்கின் அமைப்பை யாரும் கண்காணிக்காது விட்டால் விளையக்கூடிய அனர்த்தத்துக்கு இது சாட்சி. புரோட்டோக்கால் துரிதமானதால் மட்டும் அந்த அபாயம் நீங்கிவிடுவதில்லை.

கோர் சுவிட்சுக்கு 4096, அதற்குத் துணையாக நிற்பதற்கு 8192 என்று பிரயாரிட்டியைக் கையாலேயே நிர்ணயித்து, எட்ஜ் போர்ட்டுகளில், ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடிவிடும் பி.பி.டி.யூ. கார்டையும் இட்டுவிட்டால், கூட்ட அறையில் எவரோ சொருகும் சிறு சுவிட்ச் ரூட் பதவியைக் கவர்ந்துகொள்ள இயலாது. அடைபட்ட கேபிள் முறிவு நேரும்வரை பயனற்றுக் கிடக்கும் நஷ்டம் அப்போதும் தீராதெனினும், அது பாதுகாப்புக்கு நாம் மனமறிந்து கொடுக்கும் விலை. அமைக்காவிட்டாலும் ஏதோ ஒருவாறு இயங்கிக்கொண்டிருக்கும் குணமே ஆர்.எஸ்.டி.பி.யின் வசீகரம், அதன் அபாயமும் அதுவே. ஆதலின், ரூட் எதுவென்று தீர்மானிக்கும் அதிகாரத்தை மேக் முகவரிக்கு விட்டுக்கொடுக்கும் நிர்வாகி, தம் கடமையின் முதற்பகுதியையே கைவிட்டவராகிறார்.