விலை உறையைத் திறப்பதற்கு முன்

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரும் பேருந்தின் முதல் படி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? கடற்காற்றின் உப்பை அதன் தகடு எத்தனை ஆண்டு தாங்க வேண்டும்? பழுதானால் யார் சரிசெய்ய வேண்டும்? இவையெல்லாம் பேருந்து சாலைக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே டெண்டர் ஆவணத்தில் முடிவாகிவிடுகின்றன. பேருந்துக் கொள்முதலில் ஊழல் நடந்ததா என்ற கேள்வியை நாம் அடிக்கடி கேட்கிறோம். என்ன வாங்க வேண்டும் என்று யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி. அதை நாம் கேட்பதே இல்லை.

தமிழ்நாட்டின் அரசுக் கொள்முதலுக்கு அடிப்படை, 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-இல் வந்த அதன் விதிகளும். டெண்டரை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். போதிய கால அவகாசம் தர வேண்டும். விண்ணப்பித்தவர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும். பெரிய கொள்முதல்களில் இரு உறை முறை உண்டு. தொழில்நுட்ப உறையில் தேறியவரின் விலை உறையை மட்டுமே திறப்பார்கள். குறைந்த விலை கொடுத்தவரைத் தவிர வேறு யாரிடமும் பேரம் பேசக் கூடாது. பாதிக்கப்பட்ட நிறுவனம் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இந்த ஏற்பாட்டை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. வேண்டியவருக்கு ஆணை கொடுத்துவிட்டுக் கோப்பை மூடும் பழக்கத்துக்கு இது போட்ட பூட்டு மிக வலுவானது. நேர்மையான அதிகாரிக்கு, மேலிருந்து வரும் அழுத்தத்தை மறுத்துச் சொல்ல ஒரு சட்டப்பிரிவு கையில் இருக்கிறது. தோற்ற நிறுவனம் காரணம் கேட்க முடிகிறது.

ஆனால் இந்தக் கண்காணிப்பு முழுவதும் விலையைச் சுற்றியே நிற்கிறது. விலைக்கு முந்தைய கட்டமான விவரக்குறிப்பு, நிறுவன அதிகாரிகளின் மேசையிலேயே எழுதி முடிக்கப்படுகிறது. டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் கேள்வி கேட்க உற்பத்தியாளர்களுக்கு இடமுண்டு. பயணிகளுக்கு அங்கே நாற்காலி இல்லை.

கோவளம் நிறுத்தத்தில் காலை வேளையில் நின்று பார்த்தால் இதன் விளைவு தெரியும். வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று அடி உயரத்தில் இருக்கிறது. மீன் கூடையோடு வரும் வயதான பெண் முதலில் கூடையைப் படியில் ஏற்றி வைக்கிறார். பிறகு கம்பியைப் பிடித்து, முழங்காலை ஒரு கையால் அழுத்தி, உடலை மேலே இழுக்கிறார். அதற்குள் நடத்துநரின் விசில் ஒலித்துவிடுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கட்டணத் தடையை அரசு நீக்கிவிட்டது. படியின் தடையை டெண்டர் ஆவணம் காப்பாற்றி வைத்திருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ அந்தப் பேருந்து இருந்தும் இல்லாததுதான்.

இதைத் தட்டிக்கேட்க நீதிமன்றம்தான் போக வேண்டியிருந்தது. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனில் 1,107 டீசல் பேருந்துகள் வாங்க 2022-இல் டெண்டர் வந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை உயரத் தளம் கொண்டவை. மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமாரின் வழக்கில் அந்த டெண்டர் உயர் நீதிமன்றத்தின் விசாரணைக்கு உள்ளானது. தாழ்தளப் பேருந்தின் விலை அதிகம், நம் சாலைகளுக்கும் மழைநீர்த் தேக்கத்துக்கும் அது பொருந்தாது என்பவை அரசுத் தரப்பின் வாதங்கள். அவற்றைப் புறந்தள்ள முடியாது. மழைக்காலத்தில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தவர்கள் அதை அறிவார்கள். ஆனாலும் இந்த வாதங்கள் நீதிமன்றத்தில் முதன்முறையாகக் கேட்கப்பட வேண்டியவை அல்ல. விவரக்குறிப்பு எழுதும்போதே பொதுவெளியில் பேசித் தீர்த்திருக்க வேண்டியவை. வழக்கில் காலம் போனதுதான் மிச்சம் என்று சொல்லவும் முடியாது. பின்னர் அசோக் லேலண்டிடம் 552 தாழ்தளப் பேருந்துகளுக்கு ஆணை தரப்பட்டது. 2024 ஆகஸ்டில் முதல் 58 சென்னையில் ஓடத் தொடங்கின. அந்த 552-இல் சென்னைக்கு 352, மதுரைக்கும் கோவைக்கும் தலா 100. செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பேருந்து இயக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்துக்கு அதில் பங்கில்லை.

குறைந்த விலை என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது அடுத்த சிக்கல். ஒரு பேருந்து பத்தாண்டுக்கு மேல் உழைக்க வேண்டிய பொருள். டீசல், உதிரிபாகம், பணிமனையில் முடங்கும் நாட்கள் எல்லாம் சேர்ந்த செலவு, வாங்கிய விலையைத் தாண்டிப் போகும். அளவிடக்கூடிய காரணிகளுக்கு மதிப்பளித்துக் குறைந்த விலையைத் தீர்மானிக்கச் சட்டமே இடம் தருகிறது. இயக்க, பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்கிட விதிகள் தடையாக இல்லை. கடலோரத் தடங்களில் துருவேறும் தகட்டுக்குக் கூடுதல் பாதுகாப்பு கேட்டால் விலை உயரும், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும் என்ற தயக்கம்தான் தடை.

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததுபோலத் தோன்றுவது மொத்தச் செலவு ஒப்பந்தம். உலக வங்கி ஆதரவுடன் சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம் பெறும் 625 மின்சாரப் பேருந்துகள் இந்த முறையில்தான் வருகின்றன. முதல் 120 பேருந்துகள் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து புறப்பட்டன. ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனை சேர்ந்தது. பேருந்தும் ஓட்டுநரும் பராமரிப்பும் ஓம் குளோபல் மொபிலிட்டி நிறுவனத்துடையவை. நடத்துநரும் கட்டண வசூலும் கழகத்துடையவை. 12 ஆண்டுகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் தரப்படும். தளம் தாழ்வானது, பழுதானால் நட்டம் நிறுவனத்துக்கு. ஆயுட்காலச் செலவு ஒரே விலைக்குள் அடங்கிவிடுகிறது. இவை உண்மையான முன்னேற்றம்.

அதே சமயம், ஓடிய தூரத்துக்குத்தான் பணம். ஏற்றிய பயணிக்கு அல்ல. நிறுத்தத்தில் நிற்காமல் போனாலும் கிலோமீட்டர் கூடும். லண்டன் 1985-லிருந்து பேருந்துத் தடங்களை டெண்டர் விட்டு, இந்தக் குறையை உணர்ந்து, 2001-இல் நேரந்தவறாமைக்கு ஊக்கமும் அபராதமும் சேர்த்த ஒப்பந்தங்களுக்கு மாறியது. நம் ஒப்பந்தத்தில் உள்ள அபராத விதிகளும் உண்மையில் பிடித்தம் செய்த தொகையும் மாதந்தோறும் வெளியிடப்பட்டால்தான் தொழிற்சங்கங்கள் எழுப்பும் தனியார்மய அச்சத்துக்கு நேர்மையான பதில் கிடைக்கும்.

தனித்தனி டெண்டர் என்ற பழக்கமும் பயணியைத்தான் அலைக்கழிக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது, அதற்கான ரயில் நிலையமும் இல்லை, சாலையைக் கடக்கும் நடைமேம்பாலமும் இல்லை. கட்டடம், நிலையம், பாலம் ஒவ்வொன்றும் தன் விதிப்படி நடந்தது. மூட்டை முடிச்சுகளோடு ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் குடும்பத்தின் பயணம் மட்டும் எந்த ஆவணத்திலும் இடம்பெறவில்லை.

டெண்டர் முறையைக் கைவிடச் சொல்வது பழைய இருட்டுக்குத் திரும்பச் சொல்வதாகும். இன்னும் ஒரு படி முன்னே போக வேண்டும். விவரக்குறிப்பின் வரைவைத் தமிழில் வெளியிட்டு, ஒரு மாதம் மக்கள் கருத்துக் கேட்டு, ஏற்காதவற்றுக்குக் காரணம் எழுத வேண்டும். மாதிரிப் பேருந்தை மாமல்லபுரத்திலும் செங்கல்பட்டிலும் நிறுத்தி, மாற்றுத்திறனாளிகளையும் மீன் விற்கும் பெண்களையும் ஓட்டுநர்களையும் ஏறி இறங்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆயுட்காலச் செலவைக் கணக்கிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. போக்குவரத்துத் துறையின் ஓர் அரசாணை போதும். விழுப்புரம் கோட்டத்துக்கான அடுத்த டெண்டரிலேயே இதைத் தொடங்கலாம்.