கூட்டுவது எளிது, குறைப்பது அரிது

விஎம்வேரில் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் சிறிய உரைக்கோப்பு ஒன்று உண்டு. எத்தனை சிபியு, எவ்வளவு ராம், எந்த நெட்வொர்க் கார்டு என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் இதையே எக்ஸ்எம்எல் கோப்பில் வைக்கிறது. திருகாணியைக் கழற்றி மாற்ற வேண்டியிருந்த வன்பொருள், திருத்தி எழுதக்கூடிய வரியாகிவிட்டது. இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் இந்த எளிமை ஒரு தவறான பழக்கத்தையும் வளர்த்திருக்கிறது.

முதலில் நன்மை. அசல் சர்வரில் ராம் கூட்ட வேண்டுமென்றால் பொருந்துவதைத் தேடி வாங்க வேண்டும், வந்துசேரக் காத்திருக்க வேண்டும், சேவையை நிறுத்திப் பெட்டியைத் திறக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சியே தேவைக்கு மேல் முன்கூட்டி வாங்கிவைக்கும் வழக்கம் இருந்தது. மெய்நிகர் கணினியை 4 ஜிபியில் தொடங்கலாம்; போதாவிட்டால் அணைத்து, 8 ஆக்கி, சில நிமிடங்களில் மீண்டும் இயக்கலாம். விஎம்வேரின் சர்வர் மென்பொருளான விஸ்பியரில் 'ஹாட் ஆட்' வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால் அணைக்கவும் தேவையில்லை. ஒரே மடிக்கணினியை வைத்துக்கொண்டு சர்வர் நிர்வாகம் கற்கும் மாணவருக்கு இது உண்மையான வரம்.

இனி குறை. 'சர்வர் மெதுவாக இருக்கிறது' என்ற புகார் வந்ததும், காரணத்தைத் தேடாமல் சிபியுவைக் கூட்டிவிடுகிறோம். மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் அசல் கணினியான ஹோஸ்டில் உள்ள கோர்கள் அதனால் கூடுவதில்லை. ஏரியில் நீர் அதே அளவுதான். மடைகள் மட்டும் பெருகுகின்றன. ஒரு மெய்நிகர் கணினியின் சிபியுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் பின்தங்காதபடி, அவற்றை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே நெரிசலான ஹோஸ்டில் 8 சிபியு கணினி, 2 சிபியு கணினியைவிட அதிகம் காத்திருக்க நேரலாம். விஸ்பியரின் 'சிபியு ரெடி', கேவிஎம்மில் ஓடும் லினக்ஸின் 'ஸ்டீல்' ஆகிய எண்கள் இந்தக் காத்திருப்பைச் சொல்லிவிடும். அவை உயர்ந்திருக்கும்போது சிபியுவைக் கூட்டினால் நோய்தான் முற்றும்.

ராமுக்கும் மறைவிலை உண்டு. விஎம்வேரில் ராம் ரிசர்வேஷன் (முன்னொதுக்கீடு) இல்லாத கணினிக்கு 8 ஜிபியை 32 ஆக்கினால், அதன் ஸ்வாப் கோப்பும் 24 ஜிபி வளர்ந்து டிஸ்க்கை அடைக்கும். கூட்டியது உள்ளே இருக்கும் மென்பொருளுக்குத் தானாகப் போய்ச் சேருவதும் இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பகிர்வு பஃபர் இயல்பாக 128 எம்பி. நாம் மாற்றும்வரை அது அப்படியேதான் இருக்கும். ஹீப் அளவை எழுதி நிலைநிறுத்திய ஜாவா செயலியும் அப்படித்தான். டிஸ்க்கை 100 ஜிபியிலிருந்து 200 ஆக்கிய பிறகும், பார்ட்டிஷனையும் கோப்பு முறைமையையும் நீட்டாதவரை கெஸ்ட் (உள்ளே ஓடும் இயங்குதளம்) பழைய நூறிலேயே நிற்கும்.

எல்லா அமைப்புகளும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். கணினியை அணைத்துவிட்டு ராமையும் சிபியுவையும் குறைத்துக்கொள்ளலாம். விஸ்பியரில் நீட்டிய டிஸ்க்கைச் சுருக்க நேரடி வழி இல்லை. பெரும்பாலும் புதிய டிஸ்க் உருவாக்கித் தரவை நகர்த்த வேண்டிவரும். டிஸ்க் கன்ட்ரோலரை மாற்றினால், புதியதற்கான டிரைவர் தயாராக இல்லாத விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். நிறுவி முடித்த கணினியை பயாஸிலிருந்து ஈஎஃப்ஐக்கு மாற்றினால் அது பெரும்பாலும் பூட் ஆகாது. ஆனால் அமைப்புத் திரையில் இவையெல்லாம் அருகருகே, ஒரே தோற்றத்தில் இருக்கின்றன. எது திரும்பி வரும், எது வராது என்பதைத் திரை காட்டுவதில்லை. என் பார்வையில் இந்த வடிவமைப்பின் பெருங்குறை இதுவே.

அதற்காக எளிமையைக் கைவிட வேண்டியதில்லை. அதற்கு முன்னும் பின்னும் அளவிடுதலைச் சேர்த்தால் போதும். மாற்றும் முன் ஹோஸ்ட், கெஸ்ட், மென்பொருள் மூன்றிலும் நெருக்கடி எங்கே என்று பார்க்க வேண்டும். பழைய மதிப்பைக் குறித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே எண்களை மீண்டும் எடுக்க வேண்டும். மாற்றக் கோரிக்கை ஒவ்வொன்றிலும் மறு ஆய்வுக்கு ஒரு தேதி இருக்க வேண்டும். பயன் தராத சிபியுவை அன்று திருப்பி எடுத்தால், அதே ஹோஸ்டில் காத்திருக்கும் மற்ற கணினிகளுக்கு அது உடனே உதவும். கூட்டும் கோரிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. குறைக்கச் சொல்லி எவரும் கேட்பதில்லை. அதை நிர்வாகிதான் தானாக முன்வந்து செய்ய வேண்டும்.