விபத்தும் ராபர்ட் வயட்டும்

துயரத்தை அளந்து படைப்பை மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே வேரோடிப் போயிருக்கிறது. கவிஞன் பட்டினி கிடந்தானா, ஆஸ்பத்திரியில் கிடந்தானா என்று விசாரித்த பிறகே கவிதையைப் படிக்க உட்காருகிறோம். இந்தக் குற்றச்சாட்டில் என்னையும் சேர்த்துக்கொள்கிறேன். பல வருஷங்களுக்கு முன், நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்த காஸெட்டில் ராபர்ட் வயட்டின் 'ராக் பாட்ட'த்தைக் கேட்டுவிட்டு ஒரு கூட்டத்தில் இப்படிப் பேசினேன்: "ஜன்னலிலிருந்து விழுந்த ட்ரம்மர் செத்தான், பாடகன் எழுந்தான்." பத்துப் பேர் கூட்டம். கைதட்டல்கூடக் கிடைத்தது. வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. விஷயம் தப்பு.

வயட் 1945ல் பிரிஸ்டலில் பிறந்தவர். 1966ல் கான்டர்பரி வட்டாரத்து நண்பர்களோடு தொடங்கிய ஸாஃப்ட் மெஷின் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தார், பாடவும் செய்தார். 1968ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அவருக்கு முன்னால் மேடையேறிய குழு இது. 1973 ஜூன் 1ஆம் தேதி, லண்டனில் ஒரு விருந்தில், நிறையக் குடித்திருந்த நிலையில், நான்காம் மாடி ஜன்னலிலிருந்து வயட் விழுந்தார். இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. ட்ரம்ஸ் வாசிப்பு நான்கு அவயவங்களின் காரியம். பாஸ் ட்ரம்மை ஒரு கால் மிதிக்கிறது. ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டுகளை இன்னொரு கால் திறந்து மூடுகிறது. கால்கள் போனால் பாதி வாத்தியம் போயிற்று. அப்போது வயது 28. மறு வருஷம் ஜூலையில் 'ராக் பாட்டம்' வந்தது. கட்டுக்கதைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் இதில் இருக்கின்றன.

தேதிகள்தான் ஒத்துழைக்கவில்லை. அந்தப் பாட்டுகளில் பெரும்பகுதி அவர் விழுவதற்கு முன்பே உருவாகத் தொடங்கிவிட்டது. 1973 தொடக்கத்தில் வயட் வெனிஸில் இருந்தார். பின்னால் அவர் மனைவியான ஆல்ஃப்ரீடா பெஞ்ச் அங்கே ஒரு சினிமாவில் வேலை செய்துகொண்டிருந்தார். பொழுதைப் போக்க அவர் வாங்கித் தந்த சின்ன கீபோர்டில்தான் இந்த இசை ஆரம்பித்தது. ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில், பார்வையாளர் அறையிலிருந்த பியானோவில் அது தொடர்ந்தது. அந்தப் பாட்டுகளின் ஈரத்தைக் கண்ணீர் என்று நான் கூட்டத்தில் வியாக்கியானம் செய்திருந்தேன். வெனிஸின் கால்வாய்த் தண்ணீராகவும் இருக்கலாம் அல்லவா?

பாடகன் விபத்தில் பிறக்கவும் இல்லை. 1970ல் வந்த 'தேர்ட்' இரட்டை இசைத்தட்டில் நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு படைப்பு. மூன்றாம் பக்கம் வயட்டுடைய 'மூன் இன் ஜூன்'. அதன் முதல் பகுதியில் பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசித்திருக்கிறார். அந்நாளைய இங்கிலாந்துப் பாடகர்கள் பலர் கடன் வாங்கிய அமெரிக்க உச்சரிப்பு இவரிடம் இல்லை. தெருவில் பேசுகிற மாதிரியே பாடுகிறார். 1969ல் பி.பி.சி.யில் வாசித்தபோது இந்தப் பாட்டின் வார்த்தைகளை மாற்றி, பி.பி.சி.யில் வாசிக்கிற அனுபவத்தையே பாட்டாக்கிவிட்டார். இப்படிப்பட்ட ஒரு குரலை அந்தக் குழு மெல்ல மெல்ல வேண்டாமென்று வைத்தது. 1971ல் வந்த 'ஃபோர்த்'தில் குரலே கிடையாது. வயட் வெறும் ட்ரம்மர். அதே வருஷம் அவர் வெளியேறினார், அல்லது வெளியேற்றப்பட்டார். அடுத்துத் தொடங்கிய குழுவுக்கு மேட்சிங் மோல் என்று பெயர். ஸாஃப்ட் மெஷின் என்பதைப் பிரெஞ்சில் சொன்னால் வரும் ஓசையை ஆங்கிலமாக்கிய சிலேடை அது. சிரிப்பு மூட்டுகிற பெயர்தான். ஆனால் ஆறாத புண் ஒன்று உள்ளே இருக்கிறது.

வாயடைத்தது 1971ல்; கால் போனது 1973ல். என்னைப் போன்றவர்களுக்கு இரண்டாவது மட்டும்தான் கண்ணில் பட்டது. ஜன்னலை எல்லோரும் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு குழுவுக்குள் நடக்கும் அபிப்பிராய பேதத்தில் அப்படி என்ன நாடகம் இருக்கிறது?

சரி, ட்ரம்மராவது செத்தானா? 'ராக் பாட்ட'த்தின் தயாரிப்பாளர் நிக் மேஸன், பிங்க் ஃப்ளாய்டின் ட்ரம்மர். மொத்தம் ஆறு பாட்டு. முழு ட்ரம்ஸ் வருவது இரண்டில்தான். வாசித்தவர் லாரி ஆலன். மற்றவற்றில் கேட்பது வயட்டின் கைகள். தட்டின் உறையில் வாத்தியப் பட்டியல் இருக்கிறது. இசையில் ஒரு பகுதி பதிவான பண்ணைவீட்டுக்காரியின் ஒயின் கோப்பையும் தாம்பாளமும் அதில் வாத்தியங்களாகவே இடம்பெற்றிருக்கின்றன. 'ஸீ ஸாங்'கைக் கேட்டுப் பாருங்கள். கையால் தட்டுகிற அந்த மெல்லிய துடிப்பு பாட்டை முன்னால் தள்ளுவதில்லை, கூடவே நடக்கிறது. கடைசியில் குரல் வார்த்தைகளை உதறிவிட்டு மேலே போகும்போது, எங்கே தயங்குவது, எங்கே விழுவது என்று தீர்மானிக்கிறவன் தாளக்காரன்தான். (இதைக் கொன்னக்கோலோடு முடிச்சுப் போட ஒரு நண்பர் முயன்றார். வேண்டாம். ஒன்றைப் புரிந்துகொள்ள இன்னொன்றைக் கெடுக்க வேண்டியதில்லை.)

விபத்துக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. அதன் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் வாசிக்கும் நிரந்தரக் குழு இனி சாத்தியமில்லை என்று ஆனதும், ஒவ்வொரு பாட்டுக்கும் ஏற்ற ஆளை அழைக்க முடிந்தது. ஒரு பாட்டில் மொங்கேஸி ஃபேஸாவின் டிரம்பெட், கடைசிப் பாட்டில் ஃப்ரெட் ஃப்ரித்தின் வயோலா. மாறியது வேலை செய்யும் முறை. துயரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களுக்கு இந்தச் சாதாரண சமாச்சாரம் ருசிக்காது.

அதே 1974ல் 'ஐ'ம் எ பிலீவர்' பாட்டுக்காக பி.பி.சி.யின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சிக்குப் போனபோது, குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சியில் சக்கர நாற்காலி வேண்டாமே என்று தயாரிப்பாளர் நினைத்தார். வயட் சண்டை பிடித்து, நாற்காலியிலேயே உட்கார்ந்து பாடினார். நாற்காலியை மறைக்க நினைத்தவரும், நாற்காலியை மட்டுமே பார்த்த நானும் ஒரே ஜாதி என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஃபாக்லாந்து யுத்தத்தைப் பற்றிய 'ஷிப்பில்டிங்'கை 1982ல் அவர் பாடினார். அங்கே துயரம் கப்பல் கட்டும் ஊர்க்காரர்களுடையது. பாடகன் தன் காயத்தை அதில் கொண்டுவந்து வைக்கவில்லை. 2014ல், இசை போதும் என்று அறிவித்து நிறுத்திக்கொண்டார்.

என் பழைய வாக்கியம் மட்டும் நிற்கவில்லை. அன்று கூட்டத்துக்கு வந்திருந்த ஒருவர் சென்ற மாதம் தம் கட்டுரையில் அதை எடுத்தாண்டிருக்கிறார், என் பெயரைப் போட்டு. தேதிகளை வரிசையாக எழுதி அவருக்கு ஒரு கார்டு போட்டேன். பதில் இன்னும் வரவில்லை.